பிட்காயின் விலை வித்தியாசமும் விக்கிரவாண்டி டோல்கேட்டும்

விழுப்புரம் பக்கத்தில் வேர்க்கடலைக்கு மணிலா என்று பெயர். அறுவடை முடிந்தால் மணிலா மூட்டைகள் விக்கிரவாண்டி கமிட்டிக்கும், திண்டிவனம் கமிட்டிக்கும், செஞ்சிக்கும் போகும். (ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் என்பது முழுப்பெயர். போர்டில் மட்டும்தான் அப்படி இருக்கும்.) ஒரே நாளில் மூன்று இடத்திலும் மூன்று விலை. விக்கிரவாண்டியில் குறைந்த விலைக்கு வாங்கி, சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் திண்டிவனத்தில் கூடுதல் விலைக்கு விற்றால் லாபம்தானே? இதற்குத்தான் ஆர்பிட்ரேஜ் என்று ஒரு கம்பீரமான பெயர் வைத்திருக்கிறார்கள்.

மணிலா வியாபாரம் செய்கிற ஒரு மாமாவிடம் கல்லூரிப் பையன் இதைக் கேட்டால் பதில் எப்படி வரும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

"மாமா, திண்டிவனத்துல மூட்டைக்கு நூறு ரூபா கூட போவுதாமே, அங்க கொண்டும்போய் வித்தா என்னா?"

"டெம்போ வாடகை யாருடா குடுப்பா? ஏத்துகூலி, எறக்குகூலி? நீ போயி சேர்றதுக்குள்ள அங்க நாலு லோடு வந்து எறங்கியிருக்கும். நேத்து போன வெலைக்கு இன்னிக்கு எவன் வாங்குவான்?"

இந்த நாலு வரியில் ஆர்பிட்ரேஜ் பாடம் முக்கால்வாசி முடிந்துவிட்டது. ஆனால் பையன் அங்கே நிற்கமாட்டான். ஏனென்றால் அவன் கையில் இப்போது பைதான் இருக்கிறது. மணிலாவுக்கு டெம்போ வேண்டும், பிட்காயினுக்கு வேண்டாம். ஒரு கிரிப்டோ சந்தையில் பிட்காயின் 60,00,000 ரூபாய். இன்னொரு சந்தையில் அதே நேரம் 60,48,000 ரூபாய். (இந்தக் கட்டுரையில் வரும் கணக்குகளுக்கு எல்லாம் வசதிக்காக எடுத்துக்கொண்ட விலைகள் இவை.) கிட்டத்தட்ட 0.8 சதவீத வித்தியாசம். ஐம்பதாயிரத்துக்கு ஒரு சுற்று ஓட்டினால் 400 ரூபாய். ஒரு நாளைக்குப் பத்துச் சுற்று என்றால் நாலாயிரம். அதுவும் தூங்கும்போது! நிரல் எழுதக் கற்றுக்கொண்டு மூன்று மாதமே ஆன ஒரு பையனுக்கு இதைவிடப் பெரிய ஆசை என்ன வரும்? அந்த ஐம்பதாயிரம் பெரும்பாலும் செமஸ்டர் ஃபீஸாகவோ, அம்மா கட்டிய சீட்டுப் பணமாகவோ இருக்கும் என்பதுதான் இங்கே சிக்கல். அதனால் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் போட்டுப் பார்ப்பது நல்லது.

முதல் நிரல் எழுதுவது உண்மையிலேயே சுலபம். பைதானில் சிசிஎக்ஸ்டி என்று ஒரு இலவச நூலகம் இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட கிரிப்டோ சந்தைகளோடு ஒரே மாதிரியான கட்டளைகளால் பேச வைக்கிறது. இரண்டு சந்தைகளின் பெயரைக் கொடுத்து, விலையைக் கேட்டு, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, வித்தியாசம் இவ்வளவுக்கு மேல் போனால் திரையில் காட்டு என்று எழுத இருபது வரி போதும். ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்தால் பதினொன்றுக்குத் திரையில் லாபம் லாபமாக வந்து விழும். தொடக்கநிலை நிரலாளர்கள் எல்லோரும் இந்தக் கட்டத்தில் ஒரு தரம் பணக்காரர் ஆகிவிடுகிறார்கள் :-)

இதில் என்ன கோளாறு? அந்த நிரல் கேட்டது 'கடைசி விலை'. யாரோ ஒருவர், எப்போதோ, ஒரு துளி அளவுக்கு வாங்கியோ விற்றோ போன விலை. மாமா சொன்ன நேற்றைய விலைதான் அது. கமிட்டியில் உங்கள் குவியலுக்கு இன்று யார் என்ன விலை எழுதுகிறார்கள் என்பதுதான் உங்களுக்கு விலை. பக்கத்துக் குவியலுக்குக் காலையில் எழுதின சீட்டு இல்லை. கிரிப்டோ சந்தையில் அந்தச் சீட்டுகளின் வரிசைக்கு ஆர்டர் புக் என்று பெயர். வாங்கத் தயாராக இருப்பவர்கள் ஒரு பக்கம், விற்கத் தயாராக இருப்பவர்கள் மறுபக்கம், ஒவ்வொரு விலைக்கும் எவ்வளவு அளவு என்று எழுதியிருக்கும்.

பையன் முதல் சந்தையில் 60,00,000 விலையில் 0.0083 பிட்காயின் வாங்குகிறான். செலவு 49,800 ரூபாய். இரண்டாவது சந்தையில் 60,48,000 என்று பார்த்தானே, அந்த விலைக்கு வாங்க ஆள் இருப்பது 0.001 பிட்காயினுக்குத்தான். அடுத்த ஆள் 60,30,000க்கு 0.002 கேட்கிறார். அதற்கும் கீழே 60,05,000க்குத்தான் மீதியை வாங்க ஆள் இருக்கிறது. 6,048 கூட்டல் 12,060 கூட்டல் சுமார் 31,826. மொத்தம் 49,934 ரூபாய். எதிர்பார்த்த லாபம் 398. கையில் வந்தது 134. இரண்டு பக்கமும் கட்டணம் 0.2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் சுமார் 199 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 36 ரூபாய். ஆக 235. திரையில் லாபம் காட்டிய அதே சுற்று, கணக்கில் நூறு ரூபாய் நட்டம். இத்தனைக்கும் வருமான வரித்துறை இன்னும் படம் ஆரம்பிக்கவே இல்லை.

அடுத்தது நேரம். நிரல் முதல் சந்தையிடம் விலை கேட்டுப் பதில் வாங்க அரை விநாடி, இரண்டாவதிடம் இன்னொரு அரை விநாடி என்றால், அவன் ஒப்பிடுவது இரண்டு சந்தைகளை இல்லை, இரண்டு நேரங்களை. விலை வேகமாக ஓடும் நாட்களில் திரையில் தெரியும் வித்தியாசத்தில் பாதிக்கு மேல் இப்படி வந்ததாக இருக்கக்கூடும். எல்லா விலைக்கும் பக்கத்தில் அது எந்த நேரத்து விலை என்று பதிய வைத்தால் இது உடனே தெரிந்துவிடும். ஏனோ முதல் நிரலில் யாரும் பதிவதில்லை.

பிட்காயினை ஒரு சந்தையில் வாங்கி இன்னொரு சந்தைக்கு அனுப்பி அப்புறம் விற்பதும் நடக்காத காரியம். பிட்காயின் வலையமைப்பில் ஒரு பிளாக் சேரவே சராசரியாகப் பத்து நிமிடம். சந்தைகள் பல பிளாக்குகள் காத்திருக்கச் சொல்லும். அதற்குள் வித்தியாசம் ஊருக்குப் போய்விடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் முன்கூட்டியே ஒரு சந்தையில் ரூபாயும் இன்னொரு சந்தையில் பிட்காயினும் வைத்துக்கொண்டு, இங்கே வாங்கும் அதே நொடியில் அங்கே விற்கிறார்கள். அப்போது ஐம்பதாயிரத்துக்கு வியாபாரம் செய்ய ஒரு லட்சம் முடங்குகிறது. ஒரு சுற்று முடிந்ததும் ரூபாய் எல்லாம் அந்தப் பக்கம், பிட்காயின் எல்லாம் இந்தப் பக்கம். திரும்ப இடம் மாற்றினால்தான் அடுத்த சுற்று. அதற்கான கட்டணம் பெரும்பாலும் ஒரே தொகையாக இருக்கும். கோடியை நகர்த்துகிறவருக்கு அது தூசு, ஐம்பதாயிரக்காரனுக்கு முழு லாபமும் அதுதான்.

இரண்டு ஆர்டரில் ஒன்று நிறைவேறி ஒன்று நிறைவேறாமல் போவதும் உண்டு. விக்கிரவாண்டியில் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் கரண்ட்டை நிறுத்துவார்கள். வாங்கும் ஆர்டர் போய்விட்டது, விற்கும் ஆர்டர் போவதற்குள் மோடம் அணைந்துவிட்டது என்றால், அது ஆர்பிட்ரேஜ் இல்லை. விலை ஏறும் என்று நம்பி பிட்காயின் வாங்கியவனின் நிலைமைதான். இதைவிட மோசம், ஆர்டர் அனுப்பிப் பதில் வராமல் போவது. பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பு என்று நிரலில் எழுதுவது இயல்பு. ஆனால் முதல் ஆர்டர் சந்தைக்குப் போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருந்தால்? இரண்டு தரம் வாங்கியாகிவிட்டது. ஒவ்வொரு ஆர்டருக்கும் தன் பக்கத்தில் இருந்தே ஒரு தனி எண் போட்டு அனுப்பி, மறுபடி அனுப்பும் முன் அந்த எண்ணில் ஏற்கனவே ஆர்டர் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். பெரிய கம்பெனிகளுக்கே நிரல் கோளாறு எவ்வளவு செலவு வைக்கும் என்பதற்கு நைட் கேப்பிடல் இருக்கிறது. அமெரிக்கப் பங்குச் சந்தையில் பெரிய புள்ளி. 2012 ஆகஸ்ட் 1ஆம் தேதி, ஒரு சர்வரில் மட்டும் பழைய நிரல் மாற்றப்படாமல் கிடந்ததால், சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலர் போனது. அங்கே சம்பளம் வாங்கும் நிரலாளர்கள் கூட்டமாக இருந்தார்கள்.

சரி, எல்லாவற்றையும் சரியாக எழுதிவிட்டான், வித்தியாசமும் உண்மையானது, ஆர்டர் புக்கிலும் ஆழம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். இப்போது டோல்கேட் வருகிறது.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டியை நிறுத்தி, உள்ளே இருக்கும் லோடு லாபத்துக்குப் போகிறதா நட்டத்துக்குப் போகிறதா என்று யாரும் கேட்பதில்லை. வண்டி தாண்டினால் காசு. 2022 ஜூலை 1 முதல் இந்தியாவில் கிரிப்டோவுக்கும் அப்படி ஒரு டோல்கேட் உண்டு. விற்பனைத் தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ். லாபத்தில் ஒரு சதவீதம் இல்லை, கவனியுங்கள், விற்ற தொகையில். மேலே சொன்ன 49,934 ரூபாய்க்கு சுமார் 499 ரூபாய் பிடித்துவிடுவார்கள். லாபம் 134 ரூபாய், டோல் 499 ரூபாய்!

அது திரும்பக் கிடைக்குமே என்பார்கள். உண்மைதான், அது முன்கூட்டிப் பிடித்த வரி, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், அதிகம் என்றால் திரும்பப் பெறலாம். ஆனால் போட்டுக்கு உயிர் என்பது சுற்றும் முதல். ஒவ்வொரு சுற்றிலும் நூற்றுக்கு ஒன்று வெளியே போனால், 50,000 ரூபாய் ஐம்பது சுற்றில் சுமார் 30,250 ஆகும். நூறு சுற்றில் சுமார் 18,300. மற்ற லாப நட்டம் எதையும் சேர்க்காத கணக்கு இது. மிச்சம் முப்பத்தோராயிரத்துச் சொச்சம் அவன் பான் எண்ணில் அரசாங்கத்திடம் பத்திரமாக இருக்கிறது. செமஸ்டர் ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி அதுவரை காத்திருக்குமா?

டிடிஎஸ் போதாது என்று, 2022 ஏப்ரல் 1 முதல் லாபத்துக்கு 30 சதவீத வரி. செஸ் சேர்த்தால் 31.2. மாணவன், வேறு வருமானமே இல்லை என்றாலும் அடிப்படை விலக்கு வரம்பு இதற்கு உதவாது. வாங்கிய விலையைத் தவிர வேறு செலவைக் கழிக்க முடியாது. எல்லாவற்றிலும் கொடுமை, நட்டத்தை லாபத்தில் கழிக்க முடியாது. பத்துச் சுற்றில் ஆறு சுற்று தலா 100 ரூபாய் லாபம், நாலு சுற்று தலா 120 ரூபாய் நட்டம். நிகரமாக 120 ரூபாய் சம்பாதித்திருக்கிறான். வரி? 600 ரூபாய்க்கு 187 ரூபாய். ஆக 67 ரூபாய் கைப்பணம். சின்னச் சின்ன லாபத்தையும் சின்னச் சின்ன நட்டத்தையும் ஆயிரக்கணக்கில் கூட்டிக் கழித்துப் பிழைப்பதுதான் ஆர்பிட்ரேஜ். கழித்தலுக்கு அனுமதி இல்லை என்றால் அதில் என்ன மிச்சம் இருக்கும்? இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் ஆர்பிட்ரேஜ் போட்டை மனதில் வைத்து எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் வைத்து எழுதியிருந்தாலும் இதைவிடப் பொருத்தமாக எழுதியிருக்க முடியாது.

இப்போது புத்திசாலி மாணவனுக்கு ஒரு கேள்வி வர வேண்டும். உலகம் பூராவும் பெரிய பெரிய கம்பெனிகள் இதே வேலைக்கு ஆள் வைத்து, சந்தையின் சர்வருக்குப் பக்கத்திலேயே தங்கள் சர்வரை வைத்து உட்கார்ந்திருக்கும்போது, 0.8 சதவீத வித்தியாசம் விக்கிரவாண்டியில் ஒரு லேப்டாப்பில் தெரியும் வரைக்கும் ஏன் விட்டு வைத்திருக்கிறார்கள்? அவர்கள் கண்ணில் படவில்லையா?

பட்டிருக்கும். எடுக்க முடியவில்லை என்று அர்த்தம். விலை வித்தியாசம் நீண்ட நேரம் நிற்கிறது என்றால் நடுவில் ரோடு அடைபட்டிருக்கிறது. அந்த வித்தியாசம் அடைப்பின் விலை. பிட்காயினின் சரித்திரத்தில் இதற்கு உதாரணம் கொட்டிக்கிடக்கிறது.

ஒரு காலத்தில் உலகத்தின் பெரிய பிட்காயின் சந்தை டோக்கியோவில் இருந்த மவுண்ட் காக்ஸ். 2013இல் அங்கே பிட்காயின் விலை மற்ற இடங்களைவிடக் கூடுதலாக இருந்தது. அங்கே கொண்டுபோய் விற்கலாமே? விற்கலாம், ஆனால் விற்ற டாலரை வெளியே எடுக்க மாதக்கணக்கில் ஆனது. டாலரை எடுக்க முடியாதவர்கள் பிட்காயினாக மாற்றி வெளியேறப் பார்த்ததால்தான் விலையே ஏறியிருந்தது. 2014 பிப்ரவரி 7ஆம் தேதி பிட்காயினை எடுப்பதையும் நிறுத்தினார்கள். உடனே கதை தலைகீழ். அங்கே விலை மற்ற சந்தைகளைவிடப் பல மடங்கு வேகத்தில் விழுந்தது. அந்த நேரத்தில் ஒரு போட் பார்த்திருந்தால், 'மவுண்ட் காக்ஸில் வாங்கு, வெளியே விற்று லாபம் எடு' என்று சத்தம் போட்டிருக்கும். பிப்ரவரி 28ஆம் தேதி அந்தக் கம்பெனி திவால் மனு போட்டது.

தென்கொரியாவில் 2018 ஜனவரியில் பிட்காயின் விலை மற்ற நாடுகளைவிட ஐம்பது சதவீதம் வரைக்கும் கூடப் போனது. கிம்ச்சி பிரீமியம் என்று பெயர் வைத்தார்கள். வெளிநாட்டில் வாங்கி அங்கே விற்றால், கிடைத்த கொரிய வோனை மறுபடி வெளியே கொண்டுவர அந்த நாட்டு அந்நியச் செலாவணிச் சட்டம் விடவில்லை. அதே சமயம் ஜப்பானில் இருந்த சிறிய வித்தியாசத்தைப் பிடித்துத்தான் சாம் பேங்க்மன் ஃப்ரைட் முதலில் பெரிய பணம் பார்த்தார். அவருக்குக் கஷ்டமாக இருந்தது நிரல் இல்லை. ஒவ்வொரு நாளும் ஜப்பான் யென்னை டாலராக்கி அனுப்பச் சம்மதிக்கும் வங்கியைப் பிடிப்பது. (அவர் பிற்பாடு வாடிக்கையாளர் பணத்தில் கைவைத்து 2024 மார்ச்சில் 25 வருடச் சிறைத்தண்டனை வாங்கியது வேறு கதை.) இகோர் மகரோவ், ஆண்டோனெட் ஷோர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வும் இதையேதான் சொன்னது. ஒரே நாட்டுக்குள் இருக்கும் சந்தைகளுக்கு நடுவில் வித்தியாசம் சின்னது, நாட்டுக்கு நாடு பெரியது, பணம் எல்லை தாண்டக் கட்டுப்பாடு இருக்கும் இடத்தில்தான் அது நிற்கிறது என்று.

இந்தியாவின் ரோடு இன்னும் அதிக மேடுபள்ளம். 2017இல் இங்கேயும் பிட்காயின் வெளிநாட்டைவிடக் கூடுதல் விலைக்குப் போனது. 2018 ஏப்ரல் 6ஆம் தேதி ரிசர்வ் வங்கி, கிரிப்டோ கம்பெனிகளுக்குச் சேவை தரக்கூடாது என்று வங்கிகளுக்குச் சுற்றறிக்கை விட்டது. ரூபாய் உள்ளே வரும் வாசலும் வெளியே போகும் வாசலும் ஒரே நாளில் இழுத்துச் சாத்தப்படும் நிலைமை. 2020 மார்ச் 4ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. 2023 டிசம்பர் 28ஆம் தேதி மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவு பைனான்ஸ் உள்ளிட்ட ஒன்பது வெளிநாட்டுச் சந்தைகளுக்கு நோட்டீஸ் விட்டது. 2024 ஜனவரியில் அந்தத் தளங்கள் இந்தியாவில் முடக்கப்பட்டன. சில சந்தைகள் பிற்பாடு பதிவு செய்துகொண்டு திரும்பி வந்தன. ஆனால் பாதி முதலை அங்கே வைத்துக்கொண்டு போட் ஓட்டியவனுக்கு அந்த வாரம் எப்படிப் போயிருக்கும் என்று யோசியுங்கள்.

இதற்கெல்லாம் உச்சம் வசீர்எக்ஸ். 2024 ஜூலை 18ஆம் தேதி அந்த மும்பைச் சந்தையின் ஒரு பெட்டகத்தில் இருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோவைத் திருடிவிட்டார்கள். பணம் எடுப்பது நிறுத்தப்பட்டது. வியாபாரத்தை மட்டும் இன்னும் மூன்று நாள் நிறுத்தாமல் விட்டிருந்தார்கள். அந்த மூன்று நாளும் அங்கே பிட்காயின் மற்ற இந்தியச் சந்தைகளைவிட நன்றாகவே மலிவு. மவுண்ட் காக்ஸ் பத்து வருடம் கழித்து மறுஒளிபரப்பு. விலையை மட்டும் பார்க்கும் போட்டுக்கு அது தங்கச் சுரங்கம். வெளியே எடுக்க முடியுமா என்று பார்க்கத் தெரிந்த போட்டுக்கு அது எரிகிற வீடு. வசீர்எக்ஸ் சிங்கப்பூர் நீதிமன்றத்தின் அனுமதியோடு மறுபடி திறந்தது 2025 அக்டோபரில். பதினைந்து மாதம்.

அந்த வழக்குகளில் ஒன்று சென்னைக்கும் வந்தது. இங்கிருந்து சுமார் இரண்டு லட்சம் ரூபாய்க்கு எக்ஸ்ஆர்பி வாங்கி வைத்திருந்தவர், திருடு போனது வேறு வகை நாணயம், என்னுடையதை ஏன் முடக்கினீர்கள் என்று உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ நாணயம் சட்டத்தின் பார்வையில் ஒரு சொத்து, அதை வைத்திருக்கவும் அனுபவிக்கவும் இன்னொருவர் பொறுப்பில் ஒப்படைக்கவும் முடியும் என்று சொல்லி அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு கொடுத்தார். முக்கியமான தீர்ப்பு. ஆனால் சொத்து என்று நிரூபிக்க உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சந்தையின் திரையில் தெரியும் இருப்பு என்பது நமக்கு அவர்கள் எழுதிக் கொடுத்த கடன் சீட்டு மாதிரிதான். ஆர்பிட்ரேஜ் செய்கிறவன் எப்போதும் குறைந்தது இரண்டு சந்தைகளில் இப்படிக் கடன் கொடுத்து வைத்திருக்கிறான். வட்டி இல்லாமல்.

இத்தனை சிரமம் இருக்கிறது என்று தெரிந்ததும் சிலர், எதற்கு நாமே எழுத வேண்டும், எழுதினதை வாங்கிக்கொள்வோம் என்று போகிறார்கள். அங்கே வேறு மாதிரி ஆட்கள் காத்திருக்கிறார்கள். சீனர்கள் ஆர்பிட்ரேஜுக்குப் பேச்சு வழக்கில் 'செங்கல் சுமப்பது' என்பார்கள். 2018இல் அங்கே பிளஸ்டோக்கன் என்று ஒன்று கிளம்பியது. எங்கள் போட் சந்தைக்குச் சந்தை செங்கல் சுமந்து லாபம் கொண்டுவரும், நீங்கள் நாணயத்தை எங்களிடம் போட்டு வையுங்கள், ஆளும் சேர்த்து விடுங்கள் என்றார்கள். இருபது லட்சத்துக்கு மேல் ஆட்கள் சேர்ந்தார்கள். 2019 நடுவில் கதவைச் சாத்தினார்கள். போலீஸ் பிற்பாடு கைப்பற்றியது மட்டும் 1,94,775 பிட்காயின். செங்கல் ஒன்றுகூட நகரவில்லை.

நிரல் படிக்கும் மாணவர்களைக் குறிவைக்கும் வகை இன்னொன்று. யூடியூபில் ஒருவர் ஆர்பிட்ரேஜ் போட் செய்வது எப்படி என்று பொறுமையாகச் சொல்லித் தருவார். இந்த நிரலை நகல் எடுத்து இந்தத் தளத்தில் ஒட்டுங்கள், எத்தீரியத்தில் ஏற்றுங்கள், கொஞ்சம் ஈத்தர் போடுங்கள், ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள். நிரலுக்குள் பல துண்டாக உடைத்து ஒளித்து வைத்த ஒரு முகவரி இருக்கும். ஸ்டார்ட் அழுத்தினால் ஈத்தர் அங்கே போய்விடும். சென்டினல்ஒன் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2025 ஆகஸ்டில் இந்த வகை வீடியோக்களை ஆராய்ந்து, 9 லட்சம் டாலருக்கு மேல் இப்படிப் போயிருப்பதாகச் சொன்னது. வேலை செய்கிற ஆர்பிட்ரேஜ் போட் ஒருவரிடம் இருந்தால் அவர் ஏன் அதை ஊருக்கு இலவசமாகக் கொடுத்து, தனக்கே போட்டியை உண்டாக்குகிறார் என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும்.

அப்படியானால் பையன் போட் எழுதவே வேண்டாமா? தாராளமாக எழுதலாம், ஆர்டர் போடாத போட். பார்க்கும், கணக்குப் போடும், பதியும், அவ்வளவுதான். இதற்குச் சந்தையில் கணக்குகூடத் தேவையில்லை. ஆர்டர் புக்கைப் பெரும்பாலான சந்தைகள் யார் கேட்டாலும் தருகின்றன. ஏபிஐ சாவியே இல்லாத நிரலில் இருந்து யாரும் எதையும் திருட முடியாது. (சாவி வாங்கித்தான் ஆவேன் என்றால், பணம் எடுக்கும் அனுமதியை அணைத்து வைத்து, சாவியை நிரலுக்குள் எழுதாமல் தனிக் கோப்பில் வைக்கட்டும். கிட்ஹப்பில் தெரியாமல் ஏற்றிவிட்ட சாவிகளைத் தேடுவதற்கென்றே போட்கள் அலைகின்றன. அவை மட்டும் லாபத்தில்தான் ஓடுகின்றன என்று கேள்வி.)

அந்தப் போட் கற்றுக்கொடுப்பது ஏராளம். பைதானில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும் என்பதைப் பாடப்புத்தகத்தில் படிப்பதும், மூன்று நாள் பதிவில் பைசாக் கணக்கு ஒத்துப்போகாமல் ராத்திரி பூராவும் தேடிக் கண்டுபிடிப்பதும் ஒன்றா? பணத்துக்கு டெசிமல் வகை எண்தான் என்பது அதன் பிறகு மறக்காது. நிமிடத்துக்கு இத்தனை தடவைக்கு மேல் கேட்டால் சந்தை கதவைச் சாத்தும், இணைப்பு அறுந்தால் எப்படித் திரும்பச் சேர்வது, பதில் பாதியில் நின்றால் என்ன செய்வது, எல்லாம் எந்த வேலைக்குப் போனாலும் கூடவே வரும் விஷயங்கள்.

இதே நிரலைக் கொஞ்சம் மாற்றினால் மணிலாவுக்கும் ஓடும். மத்திய அரசின் டேட்டா.கவ்.இன் தளத்தில், நாடு முழுவதும் உள்ள விற்பனைக் கூடங்களில் எந்தச் சரக்கு என்ன விலைக்குப் போனது என்று தினசரி விவரம் ஏபிஐ மூலமாகவே கிடைக்கிறது. குறைந்த விலை, கூடிய விலை, அதிகம் போன விலை என்று மூன்று எண். நம் மாவட்டத்துக் கமிட்டிகளை வரிசையாக வைத்துப் பார்க்கலாம். அங்கேயும் முதல் நாளே பெரிய பெரிய வித்தியாசம் தெரியும். மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினால் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஈரம் எவ்வளவு, எந்த ரகம், எத்தனை மூட்டை வந்துது, காசு அன்னிக்கே குடுத்தானா என்று கேட்பார். இந்த நாலில் ரகத்துக்கு மட்டும்தான் அந்த அட்டவணையில் பத்தி உண்டு, மற்ற மூன்றுக்கும் இல்லை. கிரிப்டோ போட்டின் பதிவில் இருக்க வேண்டிய பத்திகளும் கிட்டத்தட்ட அவைதான்: அந்த விலைக்கு எவ்வளவு அளவு, எந்த நொடியில், எல்லாக் கட்டணமும் டிடிஎஸ்சும் போக எவ்வளவு, கடைசியாக அந்தச் சந்தையில் பணம் எடுக்கும் வசதி அப்போது திறந்திருந்ததா இல்லையா.